மரை கழன்றது வண்டிக்குத்தான்: ஒற்றைச் சக்கர சைக்கிள் வாங்குவோர் கவனத்திற்கு

ஐந்து வாரம் நான் விழுந்துகொண்டே இருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஒற்றைச் சக்கரத்தில் ஏறுகிறவர் விழத்தானே செய்வார்? எனக்கு வண்டி விற்றவர் அந்த நினைப்பைத்தான் முதலாக வைத்து வியாபாரம் செய்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. இரண்டு சக்கர சைக்கிளில் பெடல் ஆடினால் நேராகக் கடைக்குத் தூக்கிச் செல்வோம். ஒற்றைச் சக்கரத்தில் எது ஆடினாலும் நம் உடம்புதான் ஆடுகிறது என்று நம்பிவிடுவோம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அழைத்தபடியே இங்கும் தம்பி என்றே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 41 வயது. சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்டில் வீடு, நாள் முழுவதும் கணினி முன் உட்காரும் வேலை. ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போயிருந்தபோது, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி ஒற்றைச் சக்கரத்தில் எங்களைக் கடந்து போனாள். ஒரு கையில் ரொட்டியில் மடித்த ஐஸ்கிரீம். அது ஒழுகாமல் இருக்கிறதா என்பதில்தான் அவள் கவனம் முழுவதும் இருந்தது. சக்கரத்தைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மாமியாரிடம் சொன்னேன். "சர்க்கஸில் சேரப் போகிறாயா? மரை கழன்றுவிட்டதா உனக்கு?" என்றார். அந்தச் சொல் பின்னால் எப்படிப் பலித்தது என்பதற்கு வருகிறேன்.

இணையத்தில் பழைய பொருள் விற்கும் பக்கங்களில் தேடினால் வருவதெல்லாம் மின்சாரத்தில் ஓடும் ஒற்றைச் சக்கரங்கள். அவை வேறு சாதி. மோட்டார் உள்ளவை, 2020 முதல் அவற்றை நடைபாதையில் ஓட்டவே கூடாது. நான் தேடியது மிதித்து ஓட்டுவது. அப்படி ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது: "புத்தம் புதிது, 20 அங்குலம், நான்கு பயிற்சி வகுப்புகளும் சேர்த்து 420 வெள்ளி." செய்தி அனுப்பினேன். பதில் தமிழில் வந்தது. "வணக்கம் அக்கா! எங்கள் நிறுவனத்தில் பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறோம்." தமிழில் பதில் வந்ததுமே என் எச்சரிக்கை உணர்வு பாதி தூங்கிவிட்டது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீவின் மறுகோடியில் இருந்த அவருடைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலுக்கே போய் வண்டியை வாங்கிக்கொண்டேன். பணத்தைப் பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றம் வழியாக அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பினேன். ரசீது கேட்டேன். "வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் அக்கா" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த உரையாடலில் செய்திகள் ஏழு நாளில் தாமாக மறையும்படி அவர் அமைத்து வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் "புத்தம் புதிது" என்று அவர் எழுதியதும் இல்லை, "நான்கு வகுப்புகள்" என்று எழுதியதும் இல்லை. விளம்பரத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகத் திரையில் படம் பிடித்து வைத்திருந்தேன். இன்று என் கையில் இருக்கும் ஆதாரத்தில் பாதி அந்த ஒரு படம்தான்.

முதல் வகுப்பு அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஒரு மணி நேரம் என்று பேச்சு, நடந்தது இருபது நிமிடம். ஆனால் அவர் சொன்னது எதுவும் தவறில்லை: கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், உடல் எடையைச் சீட்டில் இறக்க வேண்டும், பெடலில் ஏற்றக்கூடாது, கண் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியான பாடம். ஒன்றும் தெரியாதவர் என்றால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். தெரிந்தவர் என்பதால்தான் ஏமாந்தேன். இரண்டாவது வகுப்புக்கு மழை, மூன்றாவதுக்கு அவருக்குக் காய்ச்சல், நான்காவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தனியாகவே பழகினேன். அலுவலகம் முடிந்து வந்ததும் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு தினம் முக்கால் மணி நேரம். இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பெடல் லேசாக ஆடியது. எடுத்துக்கொண்டு போனேன். தம்பி ஸ்பேனரால் முறுக்கிக் கொடுத்தார். "புதிதாகக் கற்கும்போது காலைப் போட்டு அழுத்துவீர்கள், அதனால்தான்." ஒரு வாரத்தில் மீண்டும் அதே ஆட்டம். இந்த முறை பழுதுபார்ப்புக் கட்டணம் என்று 15 வெள்ளி வாங்கிக்கொண்டார். சக்கரம் இறுக்கமாகச் சுற்றுவதாகச் சொன்னேன். "புது வண்டி அப்படித்தான் அக்கா. வண்டி சரியாகத்தான் இருக்கிறது, உடம்புதான் இன்னும் பழகவில்லை." என் உடல் பருமனை ஒரு பார்வையில் அளந்துவிட்டு இதைச் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டு வந்து, அந்த வாரம் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன்! இப்போது நினைத்தால் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.

ஐந்தாம் வாரம் தூணை விட்டுவிட்டு நான்கு சுற்று மிதித்திருப்பேன். பெடல் காலோடு சேர்ந்தே வந்துவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்தேன். பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் சுளுக்கு, இரண்டு வாரம் பட்டை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தைலத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கை ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியையும் கழன்ற பெடலையும் எடுத்துக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனேன். காலை வேளையில் நாலைந்து பேர் அங்கே ஒற்றைச் சக்கரம் ஓட்டுவதை முன்பே பார்த்திருந்தேன். அவர்களில் ஒருவர் சீனப் பெரியவர், 36 அங்குலச் சக்கரத்தில் உட்கார்ந்து மற்ற எல்லாரையும் மேலேயிருந்து பார்ப்பவர். இன்னொருவர் தேசிய சேவையில் இருக்கும் தமிழ் இளைஞர். என் வண்டியை அவர்தான் வாங்கிப் பார்த்தார். சத்தியமாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முதலில் வண்டியைச் சீட்டைப் பிடித்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றினார். இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. தம் வண்டியையும் அதே போல் தூக்கிச் சுழற்றிக் காட்டினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ளும் வரை. "பேரிங்கைப் பிடிக்கும் மூடியை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள் அக்கா. இதை மிதிப்பது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவது போல." பிறகு கிராங்குகளை, அதாவது பெடலைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டுகளை, துணியால் துடைத்தார். அழுக்குக்கு அடியில் எழுத்துப் பொறித்திருந்தது. என் வலது கால் பக்கம் இருந்த கிராங்கில் 'எல்' என்ற எழுத்து. இடது கால் பக்கம் 'ஆர்'.

சைக்கிள் ஓட்டும் பலருக்கே இது தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை: இடது பெடலின் மரை தலைகீழ். சாதாரணத் திருகாணி வலப்பக்கம் திருகினால் இறுகும். இடது பெடலோ இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். முன்னோக்கி மிதிக்க மிதிக்க இரண்டும் தாமாக இறுக்கத்திலேயே நிற்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஒற்றைச் சக்கரத்தில் சக்கரத்தின் குடமும் கிராங்கும் ஒரே கட்டு. நின்றால் பெடலும் நிற்கும், பின்னால் உருண்டால் அதுவும் பின்னால் உருளும். அந்தச் சக்கரத்தைச் சட்டத்தில் திருப்பி மாட்டிவிட்டால் இடது வலதாகிவிடும். அப்புறம் நான் முன்னோக்கி மிதித்த ஒவ்வொரு மிதியும் பெடலைக் கழற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு நன்றாகப் பழகினேனோ அவ்வளவு சீக்கிரம் கழன்றிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் தீர்ந்துவிடும் பிழைதான். ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அவர் கிராங்கின் துளையைச் சாய்த்து என் உள்ளங்கையில் தட்டினார். வெள்ளித்தூள் போல மெல்லிய சுருள் சுருளாக அலுமினியம் கொட்டியது. மிருதுவான அலுமினியத்துக்குள் எஃகு மரை தளர்ந்து ஆடி ஆடி, உள்ளே ஒரு வரி விடாமல் அரைத்துவிட்டிருந்தது. "இனி இதில் எந்தப் பெடலும் நிற்காது அக்கா."

மாமியார் சொன்ன மரை இதுதான் போலிருக்கிறது.

'புத்தம் புதிது' என்பதையும் அந்த இளைஞரே பொய் என்று காட்டினார். டயரின் வரிகள் எல்லா இடத்திலும் எடுப்பாக இருந்தன, ஓர் உள்ளங்கை அகலத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பெடல் சக்கரத்தோடு பிணைந்திருப்பதால் ஒற்றைச் சக்கரக்காரர் ஏறும்போதும், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆட்டி நிற்கும்போதும், திரும்பும்போதும் டயரின் ஏறக்குறைய ஒரே பகுதிதான் தரையில் தேய்கிறது. அப்படித் தேய ஐந்து வாரத்தில் தூணைச் சுற்றிவந்த என்னால் ஆகாது; நன்றாக ஓட்டத் தெரிந்த யாரோ பல மாதம் ஓட்டியிருக்க வேண்டும். சீட்டுக் குழாயை உருவியபோது அதன் அடியில் அறுத்த தடம். குள்ளமான யாருக்காகவோ வெட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் வெளியே இழுக்கக்கூடாது என்று காட்டும் கோடும் அந்தத் துண்டோடு போய்விட்டது. என் உயரத்துக்குத் தம்பி வைத்துக் கொடுத்த சீட்டு, சட்டத்துக்குள் இரண்டு விரற்கடைதான் நின்றிருக்கிறது. பெடலுக்கு முன் அது முறிந்திருந்தால் மணிக்கட்டோடு போயிருக்காது.

10 முதல் 15 மணி நேரம் பழகினால் பெரும்பாலானவர்கள் கொஞ்ச தூரமாவது ஓட்டிவிடுவார்கள் என்று அந்தச் சீனப் பெரியவர் சொன்னார். நான் இருபது மணி நேரத்துக்கு மேல் பழகி, நாலு சுற்றைத் தாண்டவில்லை. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் போகும். ஆக, என் மொத்தச் சாதனை ஆறு மீட்டர். தம்முடைய பழைய வண்டியைக் கொடுத்து வேலியோரம் என்னை ஏற்றினார் அவர். அன்று மதியத்துக்குள் பதினைந்து மீட்டர் போனேன். அழுதேன் என்று எழுதினால் மிகையாகத் தெரியும், ஆனால் அழுதேன்.

தம்பியிடம் போனேன், படங்களோடு. முதலில் சிரித்தார். பிறகு, "நீங்களே சக்கரத்தைக் கழற்றித் தப்பாக மாட்டியிருப்பீர்கள்" என்றார். என் வீட்டில் ஸ்பேனரே கிடையாது. அறுத்த குழாயைக் காட்டியதும் பேச்சு மாறியது. "அக்கா, நான் கடை இல்லை. தனி ஆள். பழைய பொருளைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" விற்கும்போது 'எங்கள் நிறுவனம்', கேட்கப்போனால் தனி ஆள். அன்று இரவே என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

இந்தத் 'தனி ஆள்' பேச்சில் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்', குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம், பழைய பொருளுக்கும் பொருந்தும். கொடுத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று விற்றவர்தான் காட்ட வேண்டும். ஆனால் விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். வீட்டில் கிடந்த பொருளை விற்கும் தனியாருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தம்பிக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவர் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். விற்பனைக்கு ஒன்பது வண்டிகள், எல்லாம் 'புத்தம் புதிது', எல்லாம் அதே மஞ்சள் சுவரில் சாய்த்து எடுத்த படங்கள். ஒன்பது வண்டி விற்பவர் எந்த ஊரில் தனி ஆள்? ஒவ்வொன்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்துவிட்டு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்திருக்கிறேன். வழக்கறிஞர் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். பயனீட்டாளர் 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்குக் கட்டுவது 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்று வண்டியை வாங்கியிருந்தால் நான் யார்மீது மனுப் போடுவது? வீட்டு வாசல்வரை போனது, அறியாமல் செய்த ஒரே நல்ல காரியம்.

அந்த மஞ்சள் சுவர் வண்டியை வாங்கியவர் யாராவது இதைப் படித்தால், ஏறுவதற்கு முன் கிராங்கில் உள்ள எழுத்தைப் பாருங்கள், சீட்டுக் குழாயை உருவிக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் ஏற்கெனவே கழன்றுவிட்டது என்றால் எதையும் தூக்கிப் போடாதீர்கள். என் வண்டிக்குப் புதிய கிராங்கும் பெடலும் குழாயும் போட இன்னும் 95 வெள்ளி ஆனது. பழைய கிராங்கை அந்த அலுமினியச் சுருளோடு சேர்த்து முறுக்கு டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்திருக்கிறேன். நடுவர் மன்றத்தில் கலந்தாய்வு அடுத்த மாதம். மாமியார் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், டப்பாவைப் பிடித்துக்கொள்ள.