நெருக்கடியில் உள்ள வீடுகளின் பட்டியல்: ஒரு சந்தா சேவை பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவில் ஹோல்சேலிங் தொழிலில், அதாவது உரிமையாளரோடு வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தை வேறொருவருக்கு லாபத்தில் கைமாற்றிவிடும் தொழிலில், புதிதாக இறங்குபவருக்கு முதல் தலைவலி, விற்றே தீர வேண்டிய நிலையில் இருக்கும் வீட்டு உரிமையாளரை எங்கே தேடுவது என்பதுதான். அதற்கென்றே மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டியல் தரும் இணையச் சேவை ஒன்றை டெக்சஸில் பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன்.

வடிகட்டும் வசதியில் குறை சொல்ல இடமில்லை. சொத்து வரி பாக்கி, வெளியூரில் வசிக்கும் உரிமையாளர், அடமானக் கடன் முழுவதும் அடைக்கப்பட்ட வீடு ஆகிய நிபந்தனைகளைச் சேர்த்துப் போட்டால், ஒரு கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) முழுவதும் கைக்கு அடக்கமான பட்டியலாகிவிடுகிறது. வரி பாக்கி மட்டும் வைத்திருப்பவர் மறதியால் கட்டாதவராக இருக்கலாம். அவர் வெளியூரிலும் வசிக்கிறார் என்றால்தான் விற்கும் எண்ணம் இருக்க வாய்ப்பு கூடுகிறது.

ஏல அறிவிப்புகளில்தான் சேவை தடுமாறுகிறது. டெக்சஸில் அடமான ஏலம், அதாவது கடன் கட்டாதவரின் வீட்டை ஏலம் விடுவது, வழக்கமாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். குறைந்தது 21 நாட்களுக்கு முன்பே அறிவிப்பு கவுன்டி எழுத்தர் அலுவலகத்தில் தாக்கலாகிவிட வேண்டும். பட்டியல் இரண்டு வாரம் பிந்தினால், உரிமையாளரிடம் பேசி, ஒப்பந்தம் போட்டு, வாங்குபவரையும் தேடி முடிக்க ஒரு வாரமே மிஞ்சும். நான் ஒப்பிட்டுப் பார்த்த பெயர்களில் பல, கவுன்டி ஆவணங்களில் முன்னதாகவே, அதுவும் இலவசமாக, கிடைத்தன.

'காலி வீடு' என்ற குறியையும் அப்படியே நம்பிவிட முடியாது. 90 நாட்கள் தபால் எடுக்கப்படாத முகவரியை அமெரிக்க அஞ்சல் துறை காலி என்று குறிக்கிறது. வேறு இடத்தில் தபால் பெறுபவரின் வீடும் அதில் சிக்கிவிடலாம். அவ்வாறு குறிக்கப்பட்ட ஒரு வீட்டுக்குப் போனபோது, புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது. வீட்டை இழக்கும் அச்சத்தில் இருப்பவர்களின் கதவைத் தட்டும் தொழில் இது என்பதால், தவறான தகவலோடு போய் நிற்பது அவர்களை அவமதிப்பதாகும் என்றே நினைக்கிறேன்.

தொலைபேசி எண்களுக்குத் தனிக் கட்டணம். அது தேவையில்லை என்பது என் கருத்து. பல எண்கள் பழையவை. விற்பனை அழைப்புகளை விரும்பாதவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்து வைக்கும் 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டில் இருப்பவரை மீண்டும் மீண்டும் அழைத்தால், 1991ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அழைப்பு ஒன்றுக்கு 500 டாலர் வரையும் தெரிந்தே செய்திருந்தால் 1,500 டாலர் வரையும் இழப்பீடு கேட்டு அவர் வழக்குத் தொடரலாம். எனவே வடிகட்டும் வசதிக்காக அடிப்படைச் சந்தாவை மட்டும் வைத்துக்கொண்டு, ஏலத் தேதிகளைக் கவுன்டி எழுத்தரின் பதிவில் சரிபார்த்த பிறகே உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்புகிறேன்.