பதினோரு வயது மடிக்கணினியும் இரண்டு வைஃபை டாங்கிள்களும்: நான்கு ஆண்டு அனுபவம்

வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. ரேழிச் சுவரில் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் ரவுட்டர் இருக்கிறது. ரேழியைத் தாண்டினால் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அதை ஒட்டிய உள்ளறையில் என் மேசை. எல்லாம் ஒன்றரை அடி கனமுள்ள காரைச் சுவர்கள். சித்திரை வெயிலில் உள்ளே சில்லென்று இருக்கும். வைஃபை சிக்னலும் அதே சுவர்களைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும்.

மடிக்கணினி 2014-இல் வாங்கியது. இடையில் ரேமை 8 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, 2020-இல் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவினேன். அதன் விசைப்பலகையில் என் விரல்கள் பார்க்காமலே தமிழ்99 அடிக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது.

2021-இல் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். கைப்பேசியில் 90 காட்டியது. அதே மேசையில் மடிக்கணினியில் 20, இரவு ஏழு மணிக்கு மேல் 7 அல்லது 8. குறிப்பு எழுதிய 80 எம்பி பிடிஎஃப் ஒன்றைப் பதிப்பகத்துக்கு அனுப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பாதியில் நின்றுபோனால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. மடிக்கணினிக்குள் இருந்த வைஃபை கார்டுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அறையில் உட்கார்ந்து தேடினால் பத்தொன்பது வைஃபை பெயர்கள் வரும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. பத்தொன்பது வீட்டுக்காரர்களும் அந்த மூன்று சந்துக்குள்தான் நெருக்கியடித்துப் போகிறோம். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். அதன் பெரும்பகுதியை 2018-லேயே இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். என் கணினிக்குத்தான் அங்கே போக வழியில்லை.

கணினி பழுது பார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். "அக்கா, உள்ள இருக்கிற கார்டையே மாத்திடலாம், வெளியில எதுவும் நீட்டிக்கிட்டு இருக்காது" என்றார். அடிமூடியைக் கழற்றி, பழைய கார்டை எடுத்து, முடி போன்ற ஆன்டெனா வயர்களை நகத்தால் அழுத்திப் புதிய கார்டில் பொருத்தினார். பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை. அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு என்று ஒரு வரி, அதற்கு மேல் நகரவில்லை. சில மடிக்கணினி நிறுவனங்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட கார்டுகளின் பட்டியலை, கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் கணினி கிளம்பவே கிளம்பாது. "பூட்டு போட்டு வெச்சிருக்காங்கக்கா. யுஎஸ்பி டாங்கிள்தான் வழி" என்று பழைய கார்டையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காசு கொடுத்து வாங்கிய கணினியில் எந்தக் கார்டு போடலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்வது சரியில்லை என்று அன்று பட்டது. இன்றும் அதே எண்ணம்தான்.

டாங்கிள் என்பது யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை கருவி. முதல் டாங்கிளை இணையத்தில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பெட்டியில் ஏசி600 என்று போட்டிருந்தது. அந்த 600 இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்வது: 2.4-இல் 150, 5-இல் 433, கூட்டி முழுமையாக்கிய கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. வாங்கும்போது நான் பார்த்தது அந்த எண்ணை மட்டும். பார்த்திருக்க வேண்டியது, உள்ளே என்ன சிப் இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை. நான்கு ஆண்டில் எனக்கு நேர்ந்த சிரமத்தில் முக்கால்வாசி இதைப் பார்க்காததால் வந்ததுதான்.

செருகியதும் வைஃபை வரவில்லை. ஒரு சிடி டிரைவ் வந்தது. திறந்தால் உள்ளே விண்டோஸ் டிரைவர் கோப்புகள். டாங்கிள் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பத் தயாராகிவிட்டேன். இப்படிப்பட்ட டாங்கிள்கள் முதலில் சிடி போல வேடம் போட்டு டிரைவரைத் தந்துவிட்டு, பிறகுதான் வைஃபையாக மாறும் என்பது அப்புறம் தெரிந்தது. விண்டோஸில் அது தானாக நடக்கும். லினக்ஸில் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு மென்பொருள் அதை மாற்றிவிடும். மாறியது. ஆனால் டிரைவர் இல்லை. தன்னார்வலர் ஒருவர் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்திருந்த மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்ய, அதாவது கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற, வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். வழி எளிது. கைப்பேசியை சார்ஜர் வயரால் கணினியில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் தேவையில்லை. கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாகூடச் செலவாகாது.

கம்பைல் ஆக ஐந்து நிமிடம் பிடித்தது. நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்டது, ஏதோ ஒன்றைக் கொடுத்தேன். மறுதொடக்கம் செய்தபோது நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று பத்து விநாடி எண்ணியது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் எண்ணிக்கை முடிந்து கணினி வழக்கம்போலத் திறந்துவிட்டது. டிரைவர் இருந்தும் இயங்கவில்லை. கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருக்கும் கணினியில், நாமே கம்பைல் செய்த டிரைவரின் கையொப்பச் சாவியை அந்த நீலத் திரையில்தான் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டால் கெர்னல் அந்த டிரைவரை ஏற்காது. மறுபடி முதலிலிருந்து செய்து, இம்முறை திரையை விட்டு நகராமல், அதே கடவுச்சொல்லைக் கொடுத்துப் பதிந்தேன். 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் வந்தது. வேகம் பார்த்தேன்: 86.

அடுத்த பத்து மாதம் குறை சொல்ல எதுவுமில்லை. வெயில் காலத்தில் டாங்கிள் தொட முடியாத அளவு சுடும், மதியத்தில் வேகம் 40-க்கு இறங்கும், அவ்வளவுதான். ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றும் நாட்களில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரே காணாமல் போகும். அது 100-க்கு மேற்பட்ட எண்ணுள்ள சேனல்களுக்குத் தாவும்போது இந்த டாங்கிளுக்குத் தெரியவில்லை. ரவுட்டர் அமைப்பில் சேனலை 36 என்று நிலையாக வைத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. இதைச் செய்து பார்க்காமல் டாங்கிளைக் குறை சொல்லாதீர்கள்.

2022 ஆகஸ்டில் மின்ட் 21-க்கு மாறினேன். கெர்னல் 5.4-இலிருந்து 5.15 ஆனது. வைஃபை போய்விட்டது. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்ய டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் மூலநிரலே புதிய கெர்னலுக்கு ஏற்றபடி திருத்தப்படாமல் இருந்தால் அதுவும் தோற்றுவிடும். மறுநாள் காலை 320 பக்க நாவல் ஒன்று அச்சுக்குப் போக வேண்டும். ஆசிரியர் கடைசித் திருத்தங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். இரவு பதினொன்றரை வரை கைப்பேசி வயரில்தான் வேலை. வேலையை அனுப்பிய பிறகு வேறொருவர் திருத்தி வைத்திருந்த நிரலைத் தேடி எடுத்துச் சரிசெய்தேன். அந்தத் தன்னார்வலர்கள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் எப்போதோ புதுக் கணினி வாங்கியிருப்போம். ஆனாலும், ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்கும் பயந்துகொண்டு தொழில் செய்ய முடியாது.

இரண்டாவது டாங்கிளைச் சிப் பார்த்து வாங்கினேன். மீடியாடெக் எம்டி7612யு. இதன் டிரைவர் 2018-இல் வந்த 4.19 கெர்னலிலிருந்தே லினக்ஸுக்குள் இருக்கிறது. விலை இரண்டாயிரத்துச் சொச்சம், மடக்கும் ஆன்டெனா இரண்டு, யுஎஸ்பி 3. செருகினேன், ஐந்து விநாடியில் வைஃபை பட்டியல் வந்தது. சிடி வேடம் இல்லை, கம்பைல் இல்லை, நீலத் திரை இல்லை. வேகம் 94. முதல் டாங்கிளுக்கு நான் செலவிட்ட நேரத்தைக் கூலியாகக் கணக்குப் போட்டால் இதுதான் மலிவு.

வாங்குபவர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே மாடல் பெயரில், பெட்டியில் 'வி2', 'வி3' என்று சின்ன எழுத்தில் போட்டு, உள்ளே வேறு சிப் வைத்து விற்பது இந்தச் சந்தையில் சாதாரணம். மாடல் பெயரை நம்பாமல், சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

டாங்கிளை மாட்டிய மறுநாள் மவுஸ் திக்கத் தொடங்கியது. அம்புக்குறி நின்று நின்று தாவும். மெய்ப்பில் ஒற்றுப்பிழை ஒன்றைக் குறிக்கப் போனால் அடுத்த சொல் தேர்வாகும். மின்கலம் மாற்றினேன், பலனில்லை. மவுஸின் ரிசீவர் டாங்கிளுக்கு அடுத்த துளையில் இருந்ததுதான் காரணம். யுஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ரிசீவரை மறுபக்கத்துக்கு மாற்றினேன், டாங்கிளை யுஎஸ்பி 2 துளைக்குக் கொண்டுபோனேன். மவுஸ் அன்றோடு சரியானது. யுஎஸ்பி 2-இன் வரம்பே 480 எம்பிபிஎஸ். வீட்டுக்கு வருவதே 100 என்னும்போது அதில் எனக்கு இழப்பு எதுவுமில்லை. வேகம் அதே 94.

இடம் பார்த்து வைப்பதில்தான் அதிகப் பலன் கிடைத்தது. என் மேசைக்கு இடப்பக்கம் இரும்பு பீரோ. ரவுட்டருக்கும் டாங்கிளுக்கும் நடுவில் காரைச் சுவரோடு அதுவும் நின்றது. கதவைச் சாத்தினால் வேகம் 45. பீரோவை நகர்த்த இரண்டு பேர் வேண்டும், அதை வைக்க வேறு சுவரும் இல்லை. அதனால் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, முற்றத்தைப் பார்த்த ஜன்னலின் மரச்சட்டத்தில் ஆணி அடித்து, டாங்கிளைத் தொங்கவிட்டேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றத்தின் குறுக்கே ரேழிக் கதவு நேராகத் தெரியும், சுவர் எதுவும் குறுக்கே இல்லை. கதவு சாத்தியிருந்தாலும் 92. முதலில் வாங்கிய 3 மீட்டர் மெல்லிய வயரில் மட்டும், வீடியோ அழைப்பின் நடுவே டாங்கிள் அணைந்து அணைந்து எரிந்தது. அவ்வளவு தூரத்தில் மின்சாரம் போதவில்லை. ஒன்றரை மீட்டர் தடித்த வயர் போட்ட பிறகு அப்படி நடக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்துச் சாரல் ஜன்னல் வரை அடிக்கும், அப்போது கழற்றி உள்ளே வைத்துவிடுவேன்.

இரண்டு அமைப்புகளை மாற்றிய பிறகுதான் முழு நிம்மதி வந்தது. ஒன்று, மின்சேமிப்பு. சும்மா இருக்கும்போது வைஃபை தூங்கப் போய், விழிக்கத் தாமதமாகும். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்ற வரியில் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் அது தூங்காது. அழைப்புகளில் குரல் வெட்டி வெட்டி வந்தது இதோடு நின்றது. இன்னொன்று, உள்ளே இருக்கும் பழைய கார்டு. அதுவும் அதே வைஃபையில் இணைந்துகொள்ளும். சில நாள் போக்குவரத்தெல்லாம் அதன் வழியே போய், டாங்கிள் வேலை செய்யவில்லை என்று என்னை அலைய வைத்தது. இணைப்பைத் திருத்தும் பெட்டியில் 'கருவி' என்ற இடத்தில் டாங்கிளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டேன். பழைய கார்டின் ப்ளூடூத் தன் பாட்டுக்கு இயங்குகிறது.

முதல் டாங்கிள் இரண்டு வருடம் மேசை டிராயரில் கிடந்தது. 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கெர்னலில் அந்தச் சிப் குடும்பத்தின் யுஎஸ்பி வகைகளுக்கும் ஆதரவு சேர்ந்தது. 2024-இல் 6.8 கெர்னலோடு மின்ட் 22 வந்ததும், ஞாபகம் வந்து எடுத்துச் செருகிப் பார்த்தேன். கம்பைல் எதுவும் செய்யாமலே தானாக இணைந்தது. ஓர் இரவு முழுக்க எனக்குத் தண்ணி காட்டிய அதே டாங்கிள்! இப்போது அது அக்கா மகனின் பழைய கணினியில் இருக்கிறது. அவன் தஞ்சாவூரில் விடுதியில் படிக்கிறான். "சித்தி, போட்டதும் வந்துடுச்சு" என்று அனுப்பியிருந்தான்.

எம்டி7612யு டாங்கிளுக்கு மூன்று வருடம் முடிந்துவிட்டது. ஓர் ஆன்டெனாவின் மூட்டு தளர்ந்து சரிகிறது, நூல் சுற்றி வைத்திருக்கிறேன். மடிக்கணினியை மூடித் திறந்தால் பத்துக்கு ஒரு தரம் டாங்கிள் விழிக்காது, கழற்றிச் செருகினால் வந்துவிடும். இதற்கு நிலையான தீர்வு இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயு சிப் உள்ளவை இருக்கின்றன, 5.18 கெர்னல் முதல் டிரைவர் உள்ளேயே வருகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது தேவைப்படாது, அதனால் நான் வாங்கவில்லை. நேற்று இரவு எட்டு மணிக்கு 74 எம்பி கோப்பொன்றை அனுப்பினேன். காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.