மண்கரையா, பூங்காவா, மாத்தாங் முறையா? கோல சிலாங்கூர்க் கரையோரத்துக்கான மூன்று வழிகள்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனைக்கும்) கடலுக்கும் நடுவே நிற்பது ஒரு மண்கரைதான். கரைக்கு உட்புறம் வடிகால்கள், தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்கள், பனை வரிசைகள். வெளிப்புறம் சேறும் பக்காவ் என்னும் அலையாத்திக் காடும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் பல இடங்களில் அதன் மட்டம் தோட்ட நிலத்தைவிட உயரம். வற்றும்போது தண்ணீர்க் கதவைத் திறந்து வடிகாலை வெளியேற்றி, ஏறும்போது மூடிவைத்துத்தான் இங்கே பயிர்த்தொழில் நடக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் எழுந்தது. நம் முன்னோர் வியர்வை இந்த நிலத்தில் அவ்வளவு காலமாகக் கலந்திருக்கிறது. ஆனால் கரையோர நிர்வாகம் என்றதும் மீனவரும் சுற்றுப்பயணியும் நினைவுக்கு வருகிறார்கள். தோட்டத்து மக்கள் வருவதில்லை. இந்தக் கரையோரத்தைக் காக்க மூன்று வழிகள்: மண்கரையை உயர்த்துவது, பூங்கா ஒதுக்குவது, பேராக் மாநிலத்து மாத்தாங்கில் செய்வதுபோல் காட்டைத் திட்டமிட்டு வெட்டி வளர்ப்பது. இவற்றை எடைபோடும்போது, கரைக்கு உட்புறம் வாழ்கிறவர்களுக்கு ஒவ்வொன்றிலும் என்ன இடம் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

முதல் வழி, மண்கரையை உயர்த்திக் கல் அடுக்குவது. இதன் பலன் உடனே தெரியும். கடல் உள்ளே வந்துவிடுமோ என்ற பயமில்லாமல் லயத்துக் குடும்பங்கள் தூங்கலாம். அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கடல்மட்டம் உயரும்போது பக்காவ் காடு நிலப்பக்கம் நகர வேண்டும். கரை வழிமறிக்கிறது. காடு ஒடுங்கி ஒடுங்கி மறைந்ததும் அலை நேரே கரையில் மோதுகிறது; பிறகு இன்னும் கல், இன்னும் செலவு. உள்ளே வேறொரு தொல்லை. இந்தக் கரையோரக் களிமண்ணில் பல இடங்களில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது உண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. வடிகாலை ஆழமாக வெட்டிக் காற்றுப் படவிட்டால் அமிலம் உண்டாகி, வாய்க்கால் நீர் துருநிறமாகிறது. வடித்த நிலம் தாழ்ந்தும் போகிறது. கரையை உயர்த்த உயர்த்த, அதன் பின்னால் நிலம் இறங்கிக்கொண்டே போனால் எத்தனை காலத்துக்குத் தாங்கும்?

இரண்டாவது வழி, ஒரு பகுதியைப் பூங்காவாக ஒதுக்கிக் காப்பது. கோல்ஃப் மைதானத்துக்கென்று நினைத்திருந்த இடத்தை 1987இல் இயற்கைப் பூங்காவாக மாற்ற வைத்த மலேசிய இயற்கைக் கழகத்துக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. அது நடக்காமல் போயிருந்தால் நகரின் விளிம்பிலேயே காடும் கொக்கும் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் பூங்காவுக்குள்ளும் அதே மண்கரை ஓடுகிறது. உப்புநீர் நின்றுபோன உட்பகுதியில் பக்காவ் மரங்கள் போய், வேறு மரங்கள் எழுந்துவிட்டன. எல்லைக்கோடு போட்டு நிலத்தைக் காக்கலாம். அதற்குள் நீர் வந்துபோகும் வழி இல்லையென்றால் காடு மாறிவிடும். வேலைவாய்ப்பும் சிலருக்குத்தான். பக்கத்து மலாவத்தி குன்றில் வெள்ளி லங்கூர்களுக்குப் பயற்றங்காய் நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு பல குடும்பங்களின் வருகை முடிந்துவிடுகிறது. இலை தின்று வாழும் அந்தக் குரங்குகளுக்கு ரொட்டியும் கடலையும் கொடுப்பதை நம் மக்கள் இன்றே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது வழியைப் பார்க்கப் பேராக்கின் மாத்தாங்குக்குப் போக வேண்டும். 1885இல் நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து ஓடி வந்து நின்ற கடலோர ஊரின் இன்றைய பெயர் கோல செபெத்தாங். அதைச் சுற்றி மாத்தாங்கின் ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பக்காவ் காடு. நூறாண்டுக்கு மேலாக அதைத் திட்டமிட்டு வெட்டுகிறார்கள், வளர்க்கிறார்கள். ஒரு சுற்று 30 ஆண்டு. 15ஆம் ஆண்டில் ஒரு நல்ல மரத்தைத் தேர்ந்து, 1.2 மீட்டர்க் கோலைச் சுழற்றி, அந்த வட்டத்துக்குள் நிற்கும் மற்ற மரங்களைக் கழிக்கிறார்கள். 20ஆம் ஆண்டில் கோலின் நீளம் 1.8 மீட்டர். கழித்தவை கட்டுமானக் கம்புகளாகின்றன. 30ஆம் ஆண்டில் வெட்டுவது கரிச்சூளைக்குப் போகிறது. தானாக முளைக்காத இடத்தில் நாற்று நடுகிறார்கள். காட்டின் ஓடைகளில் மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன, வெளியே சேற்றில் கெராங் என்னும் சிப்பி விளைகிறது, சூளையைப் பார்க்கப் பயணிகளும் வருகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் ஒரே இன மரமாகிவிடுவதால், முதிர்ந்த உயர்ந்த மரங்களைத் தேடும் பறவைகளுக்கு இடம் சுருங்குகிறது. கோல சிலாங்கூரில் காடு ஒரு குறுகிய பட்டையாகவே நிற்பதால் இங்கே முழுவெட்டு கூடவே கூடாது. ஒரே பருவத்தில் கரை வெளிப்பட்டு நிற்கும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நாற்றுமேடையும் கழிப்பும் மட்டுமே. அதிலும் கண்ட இடத்தில் நடக்கூடாது. திறந்த கடல்முகத்தில் பக்காவ் நாற்றை ஊன்றினால் அலை பிடுங்கும், கொட்டலசு ஒட்டிச் சாய்க்கும். அங்கே முதலில் வேர்பிடிக்கக்கூடியது அப்பி-அப்பி என்ற வேறொரு அலையாத்தி மரம். அலை கடுமையான இடத்தில் முன்னால் தடுப்பு வைத்து அலையைத் தணித்த பிறகே நட வேண்டும். கேரித் தீவில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த முறை அது. வெறும் சேறாகத் தெரியும் பரப்பை அப்படியே விட்டுவிட வேண்டும், வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பறவைகளின் இரை அதில்தான் இருக்கிறது.

பயணிகளைப் பொறுத்தவரை இந்த ஊரின் செல்வம் சிலாங்கூர் ஆற்றின் மின்மினிகள். கம்போங் குவாந்தானில் நால்வர் அமரும் சம்பான் என்ற சிறு படகைத் துடுப்பால் ஓட்டுகிறார்கள். விசைப்படகு கூடுதல் ஆட்களை விரைவாக ஏற்றி இறக்கும். ஆனால் அதன் அலை ஆற்றங்கரை மண்ணை அரிக்கிறது. எனக்கு இதில் தயக்கமே இல்லை: துடுப்புதான். ஒரு படகோட்டிக்கு நான்கு பயணிகள் என்பதால் வருமானமும் பலருக்குப் பிரிகிறது. கேமரா வெளிச்சமும் கூடாது, அந்தப் பூச்சிகள் துணையைத் தேடுவதே ஒளியால்தான்.

படகைவிடப் பெரிய விஷயம் மரத்துக்குப் பின்னால் இருக்கிறது. மின்னும் பூச்சிகள் கூடுவது பெரெம்பாங் மரத்தில். ஆனால் அவை முட்டையிடுவது மரத்துக்குப் பின்னே உள்ள ஈர மண்ணில். புழுக்கள் அங்கே சின்ன நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கின்றன. ஆற்றோரம் வரை செம்பனையோ வாழையோ வைத்து மண்ணை வெட்டவெளியாக்கினால், மரம் நின்றும் பயனில்லை. இந்த ஆற்றோரத்தை மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸ் பாதுகாப்பு வலயமாக அறிவித்திருக்கிறது. அறிவிப்பு நடப்பாக வேண்டுமானால், கடைசிப் பனை வரிசைகளைத் தோட்டங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

என் தேர்வு இது: மக்கள் குடியிருக்கும் இடத்தில் மண்கரை இருக்கட்டும், பூங்கா இருக்கட்டும், ஆனால் இரண்டுக்கும் முன்னால் மாத்தாங்கின் ஒழுங்கோடு ஒரு வளரும் காட்டுப் பட்டை வேண்டும். அதற்கு வேண்டிய கைகள் இங்கேயே இருக்கின்றன. பையில் மண் நிரப்பி நாற்று வளர்ப்பது, நோய்கண்ட கன்றைப் பார்த்தவுடன் ஒதுக்குவது, இடைவெளி அளந்து நடுவது, வடிகாலைத் தூர்வாருவது, தண்ணீர்க் கதவின் நேரம் பார்ப்பது: இவற்றைத் தலைமுறைகளாகச் செய்தவர்கள் தோட்டத்துப் பெண்களும் ஆண்களும். தோட்ட வேலை போய், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் அவர்களைக் கரையோர நாற்றுமேடைகளுக்கு மாதச் சம்பளத்தில் எடுக்க வேண்டும். ஒரு நாள் மரம் நடும் விழாவுக்குச் செலவிடும் பணத்தை, நட்டதை ஐந்து ஆண்டு பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுங்கள்.