ஒட்டுசுட்டான் பக்கத்து எருமைத் தயிர்க் கடை: காலையில் போங்கள், பின்னேரம் வேண்டாம்

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்ட ஒரு தயிர்க் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் சட்டிகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். வன்னியில் எருமைத் தயிருக்குப் பஞ்சமா என்ன, ஏ9 வீதி ஓரமாகவே எத்தனையோ இடத்தில் வாங்கலாம். இந்தக் கடையைப் பற்றித் தனியாக எழுதக் காரணம், பின்பக்கம் பால் காய்ச்சுகிற இடத்தை ஒளிக்காமல் காட்டுகிறார்கள். கேட்டால் விளக்கமும் சொல்கிறார்கள்.

முதலில் தயிர். சட்டியைச் சரித்தாலும் அசையாது, கரண்டி போட்டால் கத்தியால் வெட்டிய மாதிரிக் கட்டியாக வரும், மேலே தடித்த ஆடை. எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவுக்கு இருக்கும், பசுப் பாலில் 4 சதவீதம் வந்தாலே பெரிய விஷயம். மிச்ச வேலையை மண்சட்டி பார்க்கிறது, தண்ணீரை உறிஞ்சிவிடும். புளிப்பு அளவாக இருக்கிறது. பனங்கட்டி நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டால் மத்தியானச் சோறு தேவையில்லை.

சரி, பின்பக்கக் கதைக்கு வருகிறேன். முத்தையன்கட்டுப் பக்கத்துப் பட்டிகளில் இருந்து விடிய வெள்ளன பால் வருகிறது. எருமை என்றால் குளத்துச் சேற்றில் புரளாமல் இருக்குமா, மடி கழுவிக் கறந்தாலும் பாலில் ஏதோ ஒரு கிருமி இருக்கத்தான் செய்யும். வந்த பாலை வைத்துக்கொண்டு கதை பேசாமல் உடனே அடுப்பில் ஏற்றிப் பொங்கக் காய்ச்சுகிறார்கள். இந்த "உடனே" முக்கியம். புருசெல்லா என்கிற பற்றீரியா நோய்பட்ட மாட்டின் பச்சைப் பாலில் வரும், மனிதருக்கு விட்டு விட்டு வருகிற காய்ச்சலும் மூட்டு வலியும் தரும், ஆனால் காய்ச்சினால் செத்துவிடும். கையில் இருக்கிற புண்ணில் இருந்து வருகிற ஸ்டஃபிலோகொக்கஸ் அப்படி இல்லை. அதுவும் சூட்டில் சாகும்தான், ஆனால் பால் வெக்கையில் கிடந்த நேரத்தில் அது கக்கி வைத்த நஞ்சு கொதியிலும் அழியாது, சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் சத்தி எடுக்க வைத்துவிடும். அதனால்தான் பிந்தி வந்த பாலை இங்கே தயிருக்கு எடுப்பதில்லை.

காய்ச்சிய பாலை ஆறவைத்து உறை விடுகிற இடத்தில்தான் கடைக்கார அக்காவின் கைப்பக்குவம். வெப்பமானி ஒன்றும் இல்லை, சின்ன விரலை விட்டுப் பார்க்கிறார். "சுடச்சுட விட்டா உறை செத்துப்போம் தம்பி, ஆறிப்போனா பிடிக்காது" என்றார். அவர் சொல்வது 40 முதல் 45 பாகை செல்சியஸ், தயிர் பற்றீரியாவுக்கு மிகவும் பிடித்த சூடு. பல்கேரியாக்காரர் ஸ்டாமென் கிரிகோரோவ், ஜெனீவாவில் மாணவராக இருந்தபோது, 1905 இல் தம் ஊர்த் தயிரில் கண்டுபிடித்த லாக்டோபசிலஸ் பல்காரிக்கஸ் குச்சி வடிவம். அதன் கூட்டாளி ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸ் உருண்டை, சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். கருவில்லாத ஒற்றைக் கலம், அவ்வளவுதான் ஒவ்வொன்றும். ஒன்று இரண்டாகப் பிளந்து, இரண்டு நான்காகிப் பெருகும். உருண்டை முதலில் பெருகிக் குச்சிக்குத் தேவையானதைச் சுரக்கும், குச்சி பால் புரதத்தை உடைத்து உருண்டைக்குச் சாப்பாடு கொடுக்கும். இரண்டும் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகின்றன, புளிப்பு ஏறி, அதை அளக்கிற pH எண் 4.6 பக்கம் இறங்கி வரும்போது கேசீன் புரதம் இறுகிப் பால் தயிராகிவிடும். ஊர் உறையில் இந்த இரண்டு மட்டுமல்ல, வேறு இனங்களும் கலந்திருக்கும். கடைக்குக் கடை ருசி மாறுவதும் அதனால்தான்.

பட்டியில் ஒரு எருமைக்கு மடிவீக்கம் வந்து அன்ரிபயோட்டிக் ஊசி போட்ட பாலைச் சொல்லாமல் கலந்துவிட்டார்களாம், அன்றைய சட்டி முழுக்க உறையவில்லை, பால் பாலாகவே நின்றதாம். நோய்க் கிருமியைக் கொல்ல வந்த மருந்து பாலில் மிச்சமிருந்தால் உறைப் பற்றீரியாவையும் சும்மா விடாது. அதற்குப் பிறகு ஊசி போட்ட மாட்டுப் பாலை, மருந்து இறங்குகிற நாள் வரைக்கும் வாங்குவதில்லை என்று அக்கா சொல்கிறார். கடையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கண்டிப்புத்தான். இன்னொருவர் என்றால் பட்டிக்காரரோடு பகை எதற்கு என்று பேசாமல் இருந்திருப்பார்.

வாடிக்கையாளர் சிலர் இந்தத் தயிர் எல்லா வயிற்று வருத்தத்துக்கும் மருந்து என்று கதைப்பார்கள், அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருக்க வேண்டாம். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், அது உண்மை, உயிரோடு இருக்கிற தயிர் பற்றீரியா பால் சர்க்கரையைச் செரிக்க உதவுகிறது. ஆனால் பல்காரிக்கஸ் குடலில் குடியேறித் தங்குவதில்லை. மனித உடம்பில் ஏற்கெனவே சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியா இருப்பதாக 2016 இல் வந்த கணக்கு சொல்கிறது, நம் உடம்பின் சொந்தக் கலங்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு சட்டித் தயிர் உள்ளே போய் அந்தக் கூட்டத்தைப் புரட்டிப் போடாது. ருசிக்குச் சாப்பிடுங்கள்.

குறையும் இருக்கிறது. விற்பனைக்கு வைத்த சட்டிகளைப் பத்திரிகைத் தாள் கட்டி வெயில் படுகிற வாசலில்தான் அடுக்குகிறார்கள். பிளந்து பெருகுகிற வேலையைப் பற்றீரியா தானாக நிறுத்தாது, சூட்டில் இன்னும் புளிக்கும், பின்னேரம் போனால் மேலே தண்ணீர் கக்கிய தயிர்தான் கையில் கிடைக்கும். அதைவிடப் பெரிய குறை, சில்லறையாக அள்ளித் தருகிற திறந்த வாளியும் மேசையில் கிடக்கிற கரண்டியும். அடுப்படியில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு இங்கே ஈயை விடுவதா? எருவில் இருந்த ஈ நேரே கரண்டியில் குந்தினால் வயிற்றோட்டக் கிருமிக்கு வேறு வாகனம் தேவையில்லை. சொன்னேன், "மூடி வாங்குறம் தம்பி" என்றார்கள், அடுத்த முறை போனபோதும் மூடி இல்லை. சில்லறை வாங்காதீர்கள், முழுச் சட்டியாக எடுங்கள்.

திருப்பிக் கொடுக்கிற சட்டிக்குக் காசு கழிக்கிறார்கள், அந்தச் சட்டியில் மறுபடி தயிர் தோய்ப்பதில்லை என்பது நல்ல விஷயம், மண்ணின் துளைக்குள் ஊறினதைக் கழுவி எடுப்பது லேசான வேலையில்லை. கொழும்பு வரைக்கும் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பெட்டியோடு வாருங்கள். அட்டை எடுக்கமாட்டார்கள், கைக்காசுதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சமயத்தில் முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.