வீட்டு வயரிங் வேலை, காவேரிப்பட்டினம்: 5க்கு 2

கிருஷ்ணகிரியிலிருந்து ஆள் அனுப்பும் ஒரு சேவையில் சொல்லி, மாடி அறைக்கும் குளியலறைக்கும் வயரிங் செய்தோம். வந்த தம்பி நேரத்துக்கு வந்தார், வயர் போகும் பைப் மட்டம் பிசகவில்லை, சுவரை உடைத்த தூசியைக்கூட அவரே கூட்டி அள்ளினார். அதற்குத்தான் அந்த 2.

கீசர் பிளக் பாயிண்டைப் பிறகு ஊரிலிருக்கும் லைசென்ஸ் வயர்மேன் அண்ணன் கழற்றிக் காட்டினார். எர்த் வயரே இழுக்கவில்லை. நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயர், அவ்வளவுதான். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசர் உடம்பெல்லாம் கரண்ட் நிற்கும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பது என் அம்மா. கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் போர்டில் இல்லை. அண்ணன் தனி எர்த் வயர் இழுத்து, ஆர்சிசிபியும் மாட்டி, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி சுவிட்ச் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

தம்பியிடம் கேட்டேன். மூன்று மாதக் கோர்ஸாம். அவர் மேல் கோபமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் செய்திருக்கிறார். ஆனால் சட்டையில் 'எலக்ட்ரீஷியன்' என்று அச்சடித்து அனுப்பியது அந்த நிறுவனம். ஐடிஐயில் அந்தப் பெயருக்கு 2 வருடம் படிக்கிறார்கள், அப்புறம் அப்ரண்டிஸ் போகிறார்கள். ஃபேன் மாட்ட, சுவிட்ச் மாற்ற இந்தத் தம்பி போதும், 'வயரிங் உதவியாளர்' என்று சொல்லியே அனுப்பலாம். புது லைன் இழுப்பதென்றால் வயர்மேன் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் இனி அப்படித்தான் கூப்பிடுவேன்.