கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்கான உணவுத் தொகுப்பு: எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தர வேண்டாம்

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட நிலை) என்று மருத்துவர் உறுதிசெய்த பிள்ளையின் பெற்றோர், மாத்திரையோடு சேர்த்து உணவிலும் ஏதாவது செய்ய முடியுமா என்று தேடுவது மிக இயல்பானது. எங்கள் எட்டு வயது மகனுக்காக அப்படித் தேடியபோது, சென்னையில் ஒரு தனியார் மையம் நடத்தும் மூன்று மாத உணவுத் தொகுப்பில் சேர்ந்தோம். ரத்தப் பரிசோதனை, விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியல், மீன் எண்ணெய் மாத்திரை, நீர்ப்பிரமி, வல்லாரை ஆகிய மூலிகைகள் கலந்த சிரப், உணவியல் நிபுணருடன் சந்திப்புகள் ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கட்டி 15,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்கள். இதே போன்ற தொகுப்புகளை வேறு பலரும் விற்பதால் மையத்தின் பெயரைச் சொல்வதைவிட, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் அதன் விலைக்குத் தகுமா என்று சொல்வதே மற்றப் பெற்றோருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

விலையில் பெரும்பகுதி ரத்தப் பரிசோதனைக்குத்தான் போகிறது. பல்வேறு உணவுகளுக்கு எதிராக ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்புப் புரதத்தை அளந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமிட்ட அறிக்கை ஒன்றைத் தருகிறார்கள். எங்கள் அறிக்கையில் பால், தயிர், கோதுமை, முட்டை, நிலக்கடலை ஆகியவை சிவப்பில் இருந்தன. அதாவது அவன் அன்றாடம் சாப்பிடும் உணவுகளே சிவப்பில் இருந்தன. இதில் வியப்பில்லை, ஏனென்றால் ஐ.ஜி.ஜி. என்பது பெரும்பாலும் உடலுக்கு அந்த உணவு பழக்கமானது என்பதைக் காட்டுகிறதே தவிர, அது ஒவ்வாமல் போகிறது என்பதைக் காட்டுவதில்லை. மையத்தின் வரவேற்பறையில் ஒட்டியிருக்கும் விளக்கத் தாள், நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 100 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வை ஆதாரமாகக் காட்டுகிறது. அந்த ஆய்வில், அரிசி, இறைச்சி, காய்கறி, பேரிக்காய், தண்ணீர் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட கடும் கட்டுப்பாட்டு உணவை ஐந்து வாரம் உண்ட 50 குழந்தைகளில் 32 பேரிடம் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது உண்மை. ஆனால் அதே ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், முன்னேற்றம் கண்ட குழந்தைகளுக்கு ஐ.ஜி.ஜி. அதிகமாகக் காட்டிய உணவுகளையும் குறைவாகக் காட்டிய உணவுகளையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தபோது, 30 பேரில் 19 பேருக்கு அறிகுறிகள் திரும்பின, அதற்கும் ஐ.ஜி.ஜி. அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பரிசோதனையை வைத்து உணவை விலக்கக் கூடாது என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். தங்கள் பரிசோதனையை நிராகரித்த ஆய்வையே சுவரில் ஒட்டிவைத்துப் பணம் வாங்குவது பெற்றோருக்குச் செய்யும் அநீதி.

விலக்கு உணவு முறையே பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது உண்மையாகவே உதவக்கூடும். ஆனால் அந்த ஆய்வில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் எந்தக் குழந்தை எந்த உணவில் இருக்கிறது என்று தெரியும். அவர்கள் அறிகுறிகளுக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் எதிர்பார்ப்பும் கலந்திருக்கலாம். நீண்ட காலத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றை இந்த மையம் கேட்கவே இல்லை. எங்கள் மகன் ஏ.டி.எச்.டி.க்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுத்துக்கொள்கிறான். அந்த மருந்து பசியைக் குறைக்கும். மதியம் சரியாகச் சாப்பிடாத பிள்ளையிடமிருந்து தயிர்ச்சாதத்தையும் முட்டையையும் சப்பாத்தியையும் ஒரே நாளில் பிடுங்கினால் கால்சியத்துக்கும் புரதத்துக்கும் அவன் எங்கே போவான்? பட்டியலில் மாற்று உணவு எதுவும் குறிப்பிடப்படவில்லை, எடை பார்க்கும் ஏற்பாடும் இல்லை. எங்கள் குழந்தை நல மருத்துவரிடம் காட்டிய பிறகு அந்தப் பட்டியலை நாங்கள் பின்பற்றவில்லை.

மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துக்கடையில் தனியாக வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். புட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மி.கி. என்று இருக்கும், அது எண்ணெயின் எடை. பின்பக்கச் சிறிய எழுத்தில் பார்த்தால் ஈ.பி.ஏ. 180 மி.கி., டி.ஹெச்.ஏ. 120 மி.கி. என்று இருக்கும். ஒமேகா-3 எனப்படும் கொழுப்பு அமிலங்கள் இவை, பயனுள்ள பகுதி அவ்வளவுதான். 10 ஆய்வுகளில் பங்கேற்ற 699 குழந்தைகளின் முடிவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வு, ஒமேகா-3 சிறிய அளவில் உதவுகிறது என்றும், ஈ.பி.ஏ. அளவு கூடுதலாக இருந்தால் பயன் சற்றுக் கூடுகிறது என்றும் கண்டது. வழக்கமான ஏ.டி.எச்.டி. மருந்தின் பயனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது என்பதையும் அதே பகுப்பாய்வு சொல்லியது. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஏ.டி.எச்.டி. சிகிச்சையாகக் கொழுப்பு அமில மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே கூறுகிறது. மீன் சாப்பிடும் வீடாக இருந்தால் மத்தியும் கானாங்கெளுத்தியும் இதே சத்தை மிகக் குறைந்த விலையில் தருகின்றன. 100 கிராம் மத்தியில் சுமார் 1 கிராம் அளவுக்கு இந்த இரண்டு அமிலங்களும் சேர்ந்து இருக்கும். அதாவது, அந்த மாத்திரைகள் மூன்றில் இருப்பதைவிட அதிகம்.

மூலிகைச் சிரப்பை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டில் அடிக்கடி அரைப்பதுதான். அதன் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் புட்டியில் கன உலோகச் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 14 தயாரிப்புகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஈயமோ குழந்தைகளின் கவனத்தையும் கற்றலையும் கெடுக்கும் நஞ்சு. கவனம் கூட வேண்டும் என்று கொடுக்கும் சிரப்பில் அது இல்லை என்பதற்கு ஆய்வகச் சான்று கேட்பது பெற்றோரின் உரிமை.

இந்தத் தொகுப்பில் மனமாரப் பாராட்ட வேண்டியவர் உணவியல் நிபுணர். விலக்குப் பட்டியலைத் தயாரித்தவர் அவர் அல்லர். முதல் சந்திப்பிலேயே ஒரு நோட்டைக் கொடுத்து, என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், மாலையில் எப்படி இருந்தான் என்று எழுதச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்றும், வகுப்பு ஆசிரியரிடம் என்ன மாற்றினோம் என்று சொல்லாமல் வாரக் குறிப்பு மட்டும் வாங்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். இந்த ஒழுங்கு எவ்வளவு தேவை என்பதற்குச் சர்க்கரையே எடுத்துக்காட்டு. பிள்ளை சர்க்கரை சாப்பிட்டிருக்கிறான் என்று பொய்யாகச் சொல்லப்பட்ட தாய்மார், பிள்ளையின் துறுதுறுப்பு கூடியதாக மதிப்பிட்டார்கள் என்று 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பிள்ளைகள் யாருக்கும் அன்று சர்க்கரை கொடுக்கப்படவில்லை.

உணவியல் நிபுணர் முதலில் நிறுத்தச் சொன்னது உணவில் சேர்க்கும் செயற்கை நிறங்களை. இந்த நிறங்கள் பிள்ளைகளின் துறுதுறுப்பைக் கூட்டுமா என்று 1970களில் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் பென் ஃபைன்கோல்ட் கிளப்பிய கேள்வியை, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் 3 வயதுக் குழந்தைகளிடமும் 8, 9 வயதுக் குழந்தைகளிடமும் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நிறங்களும், கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் பொதுவான குழந்தைகளிடமே துறுதுறுப்பைச் சிறிது கூட்டியது. எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் அல்ல. அதன் பின் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. அவற்றுள் டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சியோ 4ஆர் ஆகிய நான்கும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. இங்கே அப்படி ஓர் எச்சரிக்கை இல்லை. நிறங்களை நிறுத்துவதால் பிள்ளைக்கு எந்தச் சத்தும் குறைவதில்லை என்பதால் இந்த யோசனையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதே மையம் தொகுப்போடு கொடுத்த மெல்லும் வைட்டமின் மாத்திரையின் உறையில் உணவுச் சேர்பொருளுக்கான குறியீட்டு எண்ணாக ஐ.என்.எஸ். 110 என்று இருந்தது. அதுதான் சன்செட் யெல்லோ. உணவியல் நிபுணரிடம் காட்டியபோது வருந்தி, நிர்வாகத்திடம் எழுதித் தருவதாகச் சொன்னார்.

உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை இவ்வளவு விலைக்கு இல்லை என்பது பெரிய குறை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைபாடு கவனத்தைப் பாதிக்கும். கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்ய வேண்டியதே. எங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த அந்தப் பரிசோதனையின் செலவு, ஐ.ஜி.ஜி. பரிசோதனைச் செலவின் சிறு பங்குகூட இல்லை. மகனுக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. இப்போது அவர் சொன்ன அளவில் இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறோம்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்லியாக வேண்டும். மையத்தின் ஆலோசகர் ஒருவர், உணவு முறை வேலை செய்யத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எங்களிடம் கூறினார். அவர் மருத்துவர் அல்லர். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிய மருத்துவரின் பொறுப்பு.

சேர எண்ணுபவர்களுக்கு: உணவியல் நிபுணரின் சந்திப்பைத் தொகுப்பு இல்லாமல் தனியாகவும் பெறலாம். அதற்கான கட்டணம் தொகுப்பு விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வரவேற்பு மேசையில் அதைத் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் பதிவுசெய்து தருகிறார்கள். போகும்போது பிள்ளையின் எடை, உயரக் குறிப்புகளையும், எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் கொண்டுபோங்கள்.