கா-50 பிளாக் ஷார்க்: ஒரு தாக்குதல் ஹெலிகாப்டர் மாடல் மெருகேறிய விதம்

டி.சி.எஸ். (டிஜிட்டல் காம்பாட் சிமுலேட்டர்) எனச் சுருக்கமாக அழைக்கப்படும், கணினியில் ஓட்டும் போர் விமான சிமுலேட்டரில் பல விமானங்களை ஓட்டிப் பார்த்திருந்தாலும், ஆண்டுக்கணக்கில் விடாமல் நான் பயன்படுத்தி வருவது கா-50 பிளாக் ஷார்க் என்ற ஹெலிகாப்டரைத்தான். 2008-இல் தனி விளையாட்டாக வெளிவந்து, 2011-இல் இரண்டாம் பதிப்பாகவும் 2022 டிசம்பரில் மூன்றாம் பதிப்பாகவும் புதுப்பிக்கப்பட்ட மாடல் இது. பின்னிரண்டு பதிப்புகளிலும் நீண்ட காலம் பறந்த அனுபவத்தை வைத்து, எந்த மேம்பாடு பறக்கும் விதத்தையே மாற்றியது, எது கூடுதல் வசதி என்ற அளவோடு நின்றது என்பதை இங்கே பகிர்கிறேன். புதிய பதிப்பு என்றதும் பேச்சு முதலில் அதில் சேர்ந்த ஏவுகணையைப் பற்றித்தான் எழுகிறது. விமானிக்குக் கிடைக்கும் தகவல் தெளிவாகியிருப்பதைத்தான் நான் அதைவிடப் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன்.

அப்படிக் கருதுவதற்கான காரணம் அசல் ஹெலிகாப்டரின் அமைப்பிலேயே இருக்கிறது. சோவியத் காலத்தில் கமோவ் நிறுவனம் உருவாக்கிய இதன் முன்மாதிரி 1982 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழலிகள், வால் சுழலி இல்லாத உடல், ஆபத்தில் மேலிருக்கும் சுழலி இறக்கைகளை வெடித்து அகற்றிய பிறகு விமானியை வெளியே இழுத்துச் செல்லும் இருக்கை என்று பல தனித்தன்மைகள் இதற்கு உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது, இதில் ஒருவர் மட்டுமே அமர முடியும் என்பதாகும். மற்ற தாக்குதல் ஹெலிகாப்டர்களில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் இலக்கைத் தேடிச் சுடுவார். இங்கே மலைச்சரிவை ஒட்டித் தாழப் பறப்பதும், 8 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் வாகனத்தை அடையாளம் காண்பதும் ஒரே தலையில் விழுகின்றன. ரஷ்யப் படையில் மிகக் குறைவான எண்ணிக்கையிலேயே சேர்ந்த கா-50-ஐ ஓரங்கட்டி, இரண்டு இருக்கைகள் கொண்ட கா-52 பெருமளவு உற்பத்திக்குப் போனதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ஆகவே, இந்த மாடலில் விமானியின் கவனத்தில் ஒரு நொடியை மிச்சப்படுத்தும் எந்த மாற்றமும் பெரிய மாற்றமே.

பறக்கும் இயல்பைப் பொறுத்தவரை, அடிப்படை தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தது. வால் சுழலி கொண்ட ஹெலிகாப்டரில், எல்லாச் சுழலி இறக்கைகளின் கோணத்தையும் ஒருசேர மாற்றி மேலேற்றி இறக்கும் நெம்புகோலான கலெக்டிவை உயர்த்தியதும் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், உடனே பெடலால் ஈடுகட்ட வேண்டியிருக்கும். கா-50-இல் இரண்டு சுழலிகளின் முறுக்குவிசையும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் அந்த இழுப்பே கிடையாது. முதல் நாளிலேயே நேராக மேலெழும்ப முடிவது இதனால்தான். இந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. பெடலை மிதிக்கும்போது ஒரு சுழலியின் இறக்கைக் கோணம் கூடி மற்றதன் கோணம் குறைய, அந்த முறுக்குவிசை வேறுபாட்டால்தான் உடல் திரும்புகிறது. ஆகவே கலெக்டிவைத் தாழ்த்தி இறங்கும்போது பெடலின் வேகம் மந்தமாகிவிடும். மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் மோதிச் சிதறுவதையும், முன்னோக்கிய வேகம் இல்லாமல் விரைந்து இறங்கினால் ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய காற்றுச் சுழலுக்குள் தானே அமிழ்வதையும் சிமுலேட்டர் நுட்பமாகக் காட்டுகிறது. இவற்றை நினைவில் வைத்துப் பறக்கப் பழகியவருக்கு மூன்றாம் பதிப்பு அந்நியமாகத் தோன்றாது.

கற்றுக்கொள்ள நாள் பிடிப்பது ஆட்டோபைலட்டும், கட்டுப்பாடுகள் இருக்கும் நிலையை அப்படியே நிலைப்படுத்தும் ட்ரிம்மும்தான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்த மாடலைப் பாதியில் கைவிட்ட நண்பர்கள் பலரும் சிக்கிய இடம் இது. கா-50-இன் ஆட்டோபைலட்டை, உயரத்துக்குப் போனபின் இயக்கிவிட்டு மறந்துவிட முடியாது. புறப்படும் முன்பே முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு, திசை ஆகிய மூன்று சேனல்களையும் இயக்கிவிட்டு, பயணம் முழுவதும் அதனோடு சேர்ந்தே ஓட்ட வேண்டும். கட்டுப்பாடுகளின் மொத்த அசைவில் ஏறத்தாழ 20 சதவீதத்தை மட்டுமே அது தன் வசம் வைத்துக்கொண்டு, கடைசியாக ட்ரிம் பொத்தானை விட்டபோது இருந்த நிலையை அப்படியே காப்பாற்ற முயல்கிறது. விமானி பொத்தானைத் தொடாமல் ஜாய்ஸ்டிக்கை மட்டும் சாய்த்துத் திரும்பினால், அது பழைய திசைக்கே இழுத்துக்கொண்டிருக்கும். ஹெலிகாப்டர் தன்னோடு மல்லுக்கட்டுகிறது என்று புதியவர்கள் சொல்வது இந்த இழுபறியைத்தான்.

இதைத் தவிர்க்க, திரும்பத் தொடங்கும் முன்பே ட்ரிம் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரும்பி முடித்து, புதிய திசையில் நிலைபெற்ற பிறகு விட வேண்டும். பிடித்திருக்கும் நேரத்தில் ஆட்டோபைலட் அதிர்வுகளை அடக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். விட்டவுடன் புதிய நிலையைப் பிடித்துக்கொள்ளும். ஓயாமல் வளைந்து நெளிந்து பள்ளத்தாக்கில் போகும்போது பொத்தானைப் பிடித்தே இருப்பது கட்டைவிரலை வலிக்கச் செய்யும் என்பதால், நிலையைக் காக்காமல் அதிர்வை மட்டும் அடக்கும் ஃபிளைட் டைரக்டர் முறைக்கு மாறிவிடுவது என் வழக்கம். வீட்டில் நாம் வைத்திருக்கும் ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அசல் ஹெலிகாப்டரின் கைப்பிடி ட்ரிம் செய்த இடத்திலேயே நிற்கும், நம்முடையதோ நடுவுக்குத் திரும்பிவிடும். திரும்புவதற்குள் சிமுலேட்டர் அந்த அசைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஹெலிகாப்டர் குதிக்கும். கைப்பிடி நடுவுக்கு வந்து சேரும்வரை எந்த அசைவையும் ஏற்காமல் காத்திருக்கும் தேர்வு ஒன்று அமைப்புகளில் இருக்கிறது; ஸ்பிரிங் உள்ளவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பின்னாளில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் இல்லாத ஜாய்ஸ்டிக்குக்கென உள்ள தேர்வுக்கு மாறினேன். இவ்வளவு காலப் பயன்பாட்டில் நானாகச் செய்துகொண்ட மேம்பாடுகளுள் இதற்கு இணையான பலனை வேறெதுவும் தரவில்லை.

இனி மூன்றாம் பதிப்புக்கு வருகிறேன். அதன் முதன்மையான மாற்றம் முழுவதும் புதிதாக வரையப்பட்ட காக்பிட்டும் வெளித்தோற்றமும் ஆகும். வெளித்தோற்றம் அழகாக இருக்கிறது, ஆனால் பறக்கும் நேரத்தில் அதைப் பார்ப்பது அரிது. காக்பிட்டின் கதை வேறு. பழைய காக்பிட் 2008-ஆம் ஆண்டின் கணினிகளுக்காக வரையப்பட்டது; வலப்பக்கப் பலகையில் உள்ள வழிகாட்டிக் கருவியின் பொத்தான் எழுத்துகளைப் படிக்க, பறந்துகொண்டே பார்வையை நெருக்கிப் பெரிதாக்க வேண்டியிருந்தது. வேக முள், உயர முள், செங்குத்து வேக முள் ஆகியவற்றை இப்போது இருக்கையில் சாய்ந்தபடியே ஒரு பார்வையில் படித்துவிட முடிகிறது. தாழ்வாகப் பறக்கும்போது பார்வையை நெருக்குவது என்பது வெளியே இருக்கும் மரத்தையும் மின்கம்பியையும் அந்த நேரத்துக்குப் பார்க்காமல் இருப்பதாகும். மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து பறப்பவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். சிமுலேட்டர் 2023-இல் கணினிச் செயலியின் பல கருக்களையும் (கோர்) ஒருசேரப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, வாகனங்கள் நிறைந்த போர்க்களத்தின் மேலும் படம் தடுமாறாமல் ஓடுவதையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு தாக்குதலை நெருக்கத்தில் விவரித்தால் நான் சொல்வது விளங்கும். காக்கசஸ் நிலப்படத்தில் ஒரு மலைமுகட்டுக்குப் பின்னால், முகட்டின் விளிம்புக்கு மேல் மூக்கு மட்டும் தெரியும் உயரத்தில், அந்தரத்தில் நிற்கும் முறையை இயக்கி ஹெலிகாப்டரை நிறுத்துகிறேன். தலைக்கவசக் குறிபார்ப்பானால் தொலைவிலுள்ள சாலையை நோக்கியதும் ஷ்க்வால் என்ற தொலைக்காட்சிக் குறிபார்ப்பான் அந்தத் திசைக்குத் திரும்புகிறது. உருப்பெருக்கத்தை 7 மடங்கிலிருந்து 23 மடங்குக்கு உயர்த்தி, சாலையில் நகரும் புள்ளிகளுள் ஒன்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, சட்டத்தின் அளவை வாகனத்துக்குப் பொருந்துமாறு சுருக்கிப் பூட்டுகிறேன். லேசர் தொலைவைச் சொல்கிறது. இலக்கை நோக்கித் தானாகத் திரும்பும் பொத்தானை இயக்கியதும் மூக்கு மெல்ல அதன் பக்கம் வருகிறது. இனி விக்கர் ஏவுகணையை விடலாம். லேசர்க் கற்றையின் மேலேறிப் போகும் இந்த ஏவுகணை இலக்கை அடையும்வரை, கற்றை இலக்கை விட்டு விலகாதபடி ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்தியாக வேண்டும். நெடுந்தொலைவு ஏவலில் அது நெஞ்சை அடைக்கும் காத்திருப்பு. எதிரி நம்மைப் பார்த்துச் சுடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

பழைய பதிப்பில் அந்தக் காத்திருப்பின்போது நம்மை எச்சரிக்க லேசர் உணரி மட்டுமே இருந்தது. தோளில் வைத்து ஏவும் வெப்பநாடி ஏவுகணைகள் லேசரைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே புகைத்தடத்தைக் கண்ணால் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நம் பார்வை தொலைக்காட்சித் திரையில் பதிந்திருக்கும் நேரத்தில் புகைத்தடத்தை யார் பார்ப்பது? மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ள பிரெசிடென்ட்-எஸ் தற்காப்பு அமைப்பு இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. ஏவுகணையின் எரிதழலை உணரிகள் கண்டறிந்து, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை விமானிக்குத் தெரிவிக்கின்றன. விரும்பினால் ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பொறிகளைத் தானாகவே உதிர்க்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். இதனால் என் தாக்குதல் முறையே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஓர் ஏவுகணையை விட்டதும் முகட்டுக்குப் பின்னால் ஒளிந்து இடம் மாறி வருவேன்; இப்போது எச்சரிக்கை வராதவரை அதே இடத்தில் நின்று அடுத்த இலக்கையும் அடிக்கத் துணிகிறேன்.

ஆனால் இந்த அமைப்பை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ரேடார் எச்சரிக்கைக் கருவி கா-50-இல் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ரேடாரால் வழிநடத்தப்படும் ஏவுகணைத் தளம் ஒன்று நம்மைப் பூட்டியிருந்தாலும், ஏவும்வரை நமக்கு எந்தச் செய்தியும் வராது. உடலின் பக்கவாட்டுச் சிறகுகளில் கூடுதலாகச் சேர்ந்துள்ள, ஆயுதங்களை மாட்டும் தூண்களில் பொருத்தும் இக்லா வான்-வான் ஏவுகணையைப் பொறுத்தவரை, எதிரி ஹெலிகாப்டர்கள் சுற்றும் பலர் இணைந்து ஆடும் விளையாட்டுகளில் அது கைகொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. தரைப்படைக்கு உதவும் பணிகளில் நான் அதைப் பெரும்பாலும் ஏற்றிச் செல்வதில்லை. அதிகபட்ச எடை 10,800 கிலோகிராம் என்ற வரம்புக்குள், வெயிலான நாளில் மலைக்கு மேல் அந்தரத்தில் நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு கிலோவையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். வலப்பக்கத்தில் பொருத்தப்பட்ட 30 மி.மீ. பீரங்கிக்கு உடலின் உறுதி துணைநிற்பதால் அதன் துல்லியம் வியக்கவைக்கிறது. மெதுவாகப் பறக்கும் ஹெலிகாப்டரைக்கூட நான் அதனாலேயே வீழ்த்தியிருக்கிறேன்.

இந்தத் தற்காப்பு அமைப்பும் கூடுதல் தூண்களும் படையில் பறந்த கா-50-களில் வழக்கமாக இருந்தவை அல்ல என்பதால், வரலாற்று நேர்மையை விரும்புவோருக்கு மனக்குறை எழலாம். அவர்களுக்காக 2011-ஆம் ஆண்டு வடிவமும் தனித் தேர்வாக வைக்கப்பட்டிருக்கிறது. செச்னியாவில் 2000-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2001-இன் தொடக்கத்திலும் கா-50 நேரடியாகப் போரில் ஈடுபட்ட காலத்தைத் தழுவிப் பணிகளை அமைக்கும்போது, நானும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இரவுப் பறத்தலில் வரம்புகள் அப்படியே தொடர்கின்றன. ஷ்க்வால் பகல்நேரத் தொலைக்காட்சிக் கருவி என்பதால், வெப்பப் படத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியும் ஏ.எச்.-64டி அப்பாச்சியோடு இதை இருட்டில் ஒப்பிடுவது பொருந்தாது. இரவுக் கண்ணாடி அணிந்தால் தலைக்கவசக் குறிபார்ப்பானையும் இழக்க நேரிடும். இரவுப் பணிகளே வேண்டும் என்பவர்கள் அந்த அமெரிக்க ஹெலிகாப்டரை வாங்குவதே நல்லது. அதிலும் சரி, மி-24பி என்ற ரஷ்ய ஹெலிகாப்டரிலும் சரி, இன்னொரு இருக்கையில் அமர்ந்து இலக்கைத் தேடித் தரும் செயற்கை உதவியாளர் உண்டு. அவரிடம் ஏவிச் செய்ய வைப்பதைவிட எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய விரும்புகிறவருக்குத்தான் கா-50 பொருந்தும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நடைமுறையில் உதவக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். டி.சி.எஸ். சிமுலேட்டரில் மாடல்களை 14 நாட்கள் கட்டணமின்றிச் சோதித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அந்த நாட்களின் முதல் வாரத்தில் ஆயுதங்களை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, காக்கசஸ் நிலப்படத்திலுள்ள கொபுலெட்டி விமானத்தளத்திலிருந்து கிளம்பிக் கடற்கரை ஓரமாகப் படூமி வரை போய்த் திரும்புங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ட்ரிம் பொத்தானைப் பிடித்து விடுவது விரலுக்குப் பழகி, அந்தரத்தில் நிற்கும் முறையை ஓடுபாதையின் எந்தக் கோட்டின் மேல் வேண்டுமோ அங்கே இயக்க முடிந்த பிறகு, ஷ்க்வாலையும் விக்கரையும் தொடுங்கள். அந்த வரிசையில் பழகினால், இரண்டாவது வாரம் முடிவதற்குள் இந்த மாடலை வாங்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.